ஏப்ரல் விற்பனை எது? டாஷ்போர்ட் ஒன்று சொல்கிறது, வங்கி வேறு சொல்கிறது

உப்புவெளிக்காரி எழுதியது:

வணக்கம். திருமலையில் (திருகோணமலை) அப்பாவின் கருவாட்டு வியாபாரத்தை இணையத்துக்குக் கொண்டுவந்து நாலு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நெத்தலி, சீலா, கட்டா, பாரை, கூடவே கொஞ்சம் நல்லெண்ணெயும் பனங்கட்டியும். உள்ளூரில் யாரும் எங்களிடம் இணையத்தில் வாங்குவதில்லை, சந்தைக்குப் போய் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். ஓடர் எல்லாம் வெள்ளவத்தை, கண்டி, யாழ்ப்பாணப் பக்கம். வீட்டுப் பின்னறையில் நானும் தம்பியும் பொதி கட்டுகிறோம். பிரிண்டர், தராசு, டேப் எல்லாவற்றிலும் நெத்தலி மணம்.

ஓடர் நாலு வாசலால் வருகிறது: எங்கள் சொந்தத் தளம் (வூகொமர்ஸ் என்ற இணையக்கடை மென்பொருளில் ஓடுவது), டராஸ் இணையச் சந்தையில் எங்கள் கடை, பேஸ்புக் இன்பொக்ஸ், வட்ஸ்அப். முதல் இரண்டும் தானாகப் பதிவாகும். மற்ற இரண்டையும் தம்பி கூகுள் ஷீட்டில் எழுதுவான், அவசரமென்றால் சீ.ஆர். கொப்பியில் எழுதிவிட்டு இரவில் ஏற்றுவான். இரவில் ஏற்றுவதாகச் சொல்வான்.

போன வருடக் கடைசியில், எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்று ஒருவர் டாஷ்போர்ட் செய்து தந்தார். 45,000 ரூபா. பார்க்க நல்ல வடிவுதான். கார் மீட்டர் மாதிரி முள் ஆடுகிறது, வட்டப் படம் கலர் கலராகச் சுற்றுகிறது. ஆனால் ஏப்ரல் மாத விற்பனை 784,000 ரூபா என்கிறது. வங்கிக்கு வந்ததோ 561,000. பேஸ்புக் விளம்பரக் கணக்கு தன்னால் மட்டும் 63 விற்பனை நடந்ததாக மார்தட்டுகிறது, ஆனால் தம்பியின் ஷீட்டில் பேஸ்புக் ஓடர் 22தான் இருக்கிறது. நகரங்கள் பட்டியலில் வெள்ளவத்தை மூன்று தடவை வருகிறது, மூன்றும் வேறு வேறு எழுத்துக்கூட்டல்.

செய்து தந்தவரிடம் கேட்டேன். "டேட்டா சரியில்லை அக்கா" என்றார். அதற்குப் பிறகு ஃபோன் எடுப்பதில்லை.

என் கேள்வி சின்னதுதான். சித்திரைப் புத்தாண்டு முடிந்து மீன் காலம் தொடங்கிவிட்டது. மழை காலத்துக்கு முன்னர் எவ்வளவு நெத்தலி வாங்கிக் காயவைக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். எந்தத் தொகையை நம்பி வாங்குவது? வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா?

*

குவான்டம்_குமார் எழுதியது:

மைக்ரோசொஃப்டின் டாஷ்போர்ட் மென்பொருள் பவர் பிஐ போடுங்கள். டெஸ்க்டொப் பதிப்பு இலவசம். நாலு மூலத்தையும் இணைத்தால் அரை மணித்தியாலத்தில் முடியும்.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

அரை மணித்தியாலத்தில் இணைக்கலாம்தான். பிழையையும் சேர்த்து இணைக்கலாம்.

தங்கச்சி, நான் டொக்யார்ட் வீதிப் பக்கம் சில கடைகளுக்குக் கணக்கெழுதுகிறவன், கணினிக்காரன் இல்லை. மென்பொருளை மாற்றுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் விற்பனை என்று எதைச் சொல்கிறீர்கள்? வட்ஸ்அப்பில் "போடுங்கோ" என்று எழுதியதையா, பொதி கூரியருக்குப் போனதையா, அவர் கதவைத் திறந்து காசு கொடுத்ததையா, கூரியர்காரர் அந்தக் காசை உங்கள் வங்கியில் போட்டதையா? நாலுக்கும் நாலு திகதி. உதாரணத்துக்கு, ஏப்ரல் 29 ஓடர், மே 3 ஒப்படைப்பு, மே 12 வங்கி. உங்கள் டாஷ்போர்ட் முதல் திகதியைப் பார்க்கிறது, வங்கி கடைசித் திகதியைப் பார்க்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை.

அடுத்தது திரும்பி வந்த பொதி. காசு கையில் வாங்கும் ஓடர் வூகொமர்ஸில் நேராக "செயலாக்கத்தில்" என்ற நிலைக்குப் போகும். அதன் அறிக்கை சாதாரணமாக விடுவது மூன்றைத்தான்: பணம் செலுத்தாமல் நிற்பது, தோற்றுப்போனது, ரத்தானது. வாடிக்கையாளர் ஃபோன் எடுக்காமல் பொதி திரும்பி வந்து உங்கள் பின்னறையில் கிடந்தாலும், நீங்கள் கைப்பட நிலையை மாற்றாத வரைக்கும் அது விற்பனைதான். மாற்றுகிறீர்களா?

ஒரு வேலை செய்யுங்கள். டாஷ்போர்டை ஒரு மாதம் திறக்க வேண்டாம். ஒரே ஒரு ஷீட், ஓர் ஓடருக்கு ஒரே ஒரு வரி. எந்த வாசலால் வந்தாலும் உங்கள் சொந்த இலக்கம் ஒன்று கொடுங்கள். பக்கத்தில் கூரியர் சீட்டு இலக்கம், மேலே சொன்ன நாலு திகதி, பொருள் விலை தனியாக, டெலிவரிக் காசு தனியாக. பிறகு கூரியர் அனுப்பும் கணக்குப் பட்டியலைச் சீட்டு இலக்கத்தை வைத்துப் பொருத்துங்கள். அது ஒன்றுதான் உங்களையும் கூரியரையும் வங்கியையும் சேர்த்துக் கட்டும் கயிறு. டராஸுக்கு அவர்களின் ஓடர் இலக்கம், கூற்றறிக்கையில் கொமிஷன் கழித்த வரிகள் தனித்தனியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எக்செலில் நீளமான சீட்டு இலக்கத்தைத் திறந்து சேமித்தால் 15 இலக்கத்துக்கு மேற்பட்டதைப் பூச்சியமாக்கிவிடும். அந்த நிரலை முதலே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இதைத் தெரியாமல் ஒரு கடையில் மூன்று நாள் தலையைப் பிய்த்திருக்கிறேன்.

*

உப்புவெளிக்காரி எழுதியது:

அண்ணா, "மாற்றுகிறீர்களா" என்று கேட்ட இடத்தில் எனக்கு முகம் சுட்டுவிட்டது. இல்லை. திரும்பி வந்த பொதியைப் பிரித்துத் திரும்பவும் சாக்கில் கொட்டிவிட்டு அடுத்த ஓடருக்கு அனுப்பிவிடுவோம். ஆக ஒரே நெத்தலி இரண்டு தடவை விற்பனையாகியிருக்கிறது.

இன்னொரு சங்கடம். பழைய வாடிக்கையாளர் பட்டியல் அப்பா காலத்து எக்செலில் இருக்கிறது, பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தது. கூகுள் ஷீட்டில் போட்டால் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. டாஷ்போர்ட் செய்தவர் அதையும் அப்படியே ஏற்றியிருக்கிறார். "அடிக்கடி வாங்குபவர்கள்" பட்டியலில் முதலாவதாக நிற்கும் ஆளின் பெயரை யாராலும் வாசிக்க முடியாது.

*

தரவுத்தம்பி எழுதியது:

அக்கா, பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, நிரலை கொப்பி செய்து மாற்றி ஒட்டினால் போதும். ஆனால் பெயரை வைத்து ஆளைப் பொருத்தாதீர்கள். ஒரே ஆள் தளத்தில் ஆங்கிலத்தில் எழுதுவார், வட்ஸ்அப்பில் "ரவி அண்ணா" என்று சேமித்திருப்பீர்கள். ஃபோன் இலக்கத்தை வையுங்கள். அதுவும் ஒருவர் 077 என்று தொடங்குவார், ஒருவர் +94 போடுவார், எக்செல் முன் பூச்சியத்தை விழுங்கிவிடும். கடைசி 9 இலக்கத்தை மட்டும் எடுத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். கூகுள் ஷீட்டில் வலப்பக்கத்திலிருந்து 9 எழுத்தை வெட்டும் சூத்திரம் ஒரு வரி. முதலில் இடைவெளியையும் கோடுகளையும் நீக்கிவிடுங்கள்.

இதைச் செய்த உடனே இன்னொன்று வெளியே வரும் என்று நினைக்கிறேன். தளத்தில் ஓடர் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று வட்ஸ்அப்பிலும் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்களா? தம்பி அதைப் புது ஓடராக எழுதியிருப்பார். ஒரே ஃபோன், ஒரே தொகை, இரண்டு நாளுக்குள் இரண்டு வரி வந்தால் சந்தேகப்படுங்கள்.

பேஸ்புக்கின் 63க்கு வருகிறேன். விளம்பரத்தைச் சொடுக்கியவர் 7 நாளுக்குள் வாங்கினாலும், சொடுக்காமல் பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அது தன் விற்பனை என்றுதான் சாதாரண அமைப்பில் எண்ணும். அவர் உங்கள் தளத்துக்கு நேராக வந்து வாங்கியிருந்தாலும் சரி. அதனால் அந்த எண்ணை மற்றதோடு கூட்டக் கூடாது, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அப்புறம் அந்த விளம்பரக் கணக்கின் நேர வலயம் என்ன? யார் திறந்தது?

*

உப்புவெளிக்காரி எழுதியது:

டொரொன்டோவிலிருக்கும் மச்சான் திறந்து தந்தது. அவருடைய கார்ட்தான். நேர வலயமும் டொரொன்டோ.

*

தரவுத்தம்பி எழுதியது:

நினைத்தேன். திருமலையில் பாதிப்பேருக்கு அப்படித்தான். ஏப்ரலில் டொரொன்டோவுக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியாலம். நீங்கள் வெள்ளி காலை 8 மணிக்கு எடுத்த ஓடர் அங்கே வியாழக்கிழமை. நாளாந்த வரைபடத்தில் விளம்பரச் செலவும் விற்பனையும் ஒன்றுக்கொன்று வழுக்கி நிற்பது அதனால்தான். நேர வலயத்தையோ நாணயத்தையோ மாற்றினால் பழைய கணக்கு மூடப்பட்டுப் புதிது திறக்கும், ஆகவே இப்போதைக்குத் தொடாதீர்கள். வாரக் கணக்காகப் பாருங்கள், வழுக்கல் பெரிதாகத் தெரியாது.

உங்கள் டாஷ்போர்ட் கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ என்று நினைக்கிறேன், 2022 வரை டேட்டா ஸ்டூடியோ என்று பெயர். அதில் அட்டவணைகளைக் கலக்கும் வசதி இருக்கிறது, ஒரு கலவையில் 5 அட்டவணை வரை. பெரிய பொறி அங்கேதான். ஓடர் அட்டவணையில் ஒரு வரி, டெலிவரிக் காசு 450. பொருள் அட்டவணையில் அதே ஓடருக்கு நெத்தலி, சீலா, பனங்கட்டி என்று மூன்று வரி. இரண்டையும் கலந்தால் 450 மூன்று வரியிலும் வந்து உட்காரும், கூட்டினால் 1,350. யாரும் பிழை செய்திருக்க மாட்டார்கள், பிழைச் செய்தியும் வராது. ஏப்ரலில் ஒரே ஓடரை எடுத்து, மூன்று பொருள் உள்ளதாகப் பார்த்து, டாஷ்போர்டில் அந்த ஓடரை மட்டும் வடிகட்டிக் கையால் கூட்டிப் பாருங்கள்.

கலப்பதை ஷீட்டிலோ, எக்செலில் அட்டவணைகளை இணைக்கும் பவர் குவெரியிலோ முடித்துவிட்டு, டாஷ்போர்டுக்கு ஒரே அட்டவணையாகக் கொடுங்கள். அதற்குப் படம் வரையும் வேலை மட்டும் இருக்கட்டும்.

*

நிலாவெளி_வாடி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நானும் கருவாடுதான். பிள்ளை கேட்டது எவ்வளவு நெத்தலி வாங்குவது என்று. அதற்கு விற்பனைத் தொகை தெரிந்தால் போதாது. சாக்கில் கட்டிய 10 கிலோ, காற்றுப்பட்டு இரண்டு மூன்று வாரத்தில் 10 கிலோவாக நிற்காது. மழை தொடங்கினால் ஈரம் குடித்துத் திரும்ப ஏறும், அது ஏறினால் சந்தோஷப்படக் கூடாது, பூஞ்சணம் வரும். கணினியில் இருக்கும் ஸ்டொக் தராசைப் பார்ப்பதில்லை. நான் ஞாயிறு தோறும் ஒவ்வொரு சாக்கையும் நிறுத்து அந்த எடையைத்தான் எழுதுகிறேன்.

*

உப்புவெளிக்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சொன்னதை எல்லாம் செய்யவில்லை, பாதி செய்தேன். ஏப்ரலை மட்டும் எடுத்து ஓடருக்கு ஒரு வரியாக எழுதினோம். தம்பி முதல் நாள் முறைத்தான், மூன்றாம் நாள் அவனே கூரியர் பட்டியலைத் தேடித் தேடிப் பொருத்தினான்.

784,000க்கும் 561,000க்கும் இடையில் 223,000. அதில் 97,000 தளத்திலும் வட்ஸ்அப்பிலும் இரண்டு தடவை எழுதியது. 58,000 திரும்பி வந்த பொதி. கூரியர் கழித்த கட்டணம் 31,000, டராஸ் கழித்தது 14,000, இன்னும் கூரியரிடமிருந்து வராத காசு 19,000. அந்த 19,000க்குச் சீட்டு இலக்கங்களோடு கடிதம் அனுப்பினேன், மறுநாளே அழைத்தார்கள். முன்பெல்லாம் "பார்க்கிறோம் மிஸ்" என்பதோடு முடியும்.

450 விஷயத்தையும் பார்த்தேன். தரவுத்தம்பி சொன்னது அப்படியே. ஆனால் அது மொத்தத் தொகையில் இல்லை, டெலிவரிச் செலவு என்ற வட்டத்தில் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் போன மாதம் டெலிவரிக் கட்டணத்தைக் கூட்டினேன். இப்போது குறைத்துவிட்டேன்.

திரும்பி வந்ததில் பாதிக்கு மேல் பேஸ்புக் இன்பொக்ஸ் ஓடர். தளத்தில் போடுகிறவர்கள் அனேகமாக வாங்கிவிடுகிறார்கள். இன்பொக்ஸ்காரருக்கு இனி அனுப்புமுன் ஒரு அழைப்பு எடுப்பது என்று முடிவு. நெத்தலி போன வருடத்து அளவிலிருந்து 40 கிலோ குறைத்து வாங்குகிறேன். நிலாவெளி அண்ணா, ஞாயிறு நிறுக்கிறேன். முதல் ஞாயிறே ஒரு சாக்கில் 600 கிராம் காணவில்லை, அது காற்றா பூனையா என்று இன்னும் வழக்கு நடக்கிறது.

கூட்டிப் பார்த்தவர்கள் கேட்பீர்கள்: இன்னும் 4,000 இடிக்கிறது. தம்பியிடம் கேட்டேன். சீ.ஆர். கொப்பியின் ஒரு தாளில் பனங்கட்டி பொதி கட்டியதாகச் சொல்கிறான்.