ஜார்ஜ் டவுனிங்: துரோகி என்ற ஒரு சொல் போதுமா?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். பதினேழாம் நூற்றாண்டு லண்டன் அரசு ஊழியரான சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். 1660ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீப்ஸ் கருவூலத்தில் எழுத்தராக இருந்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஜார்ஜ் டவுனிங். அதே டவுனிங் 1662 மார்ச்சில் தம் பழைய தோழர்களைப் பிடித்து மன்னரிடம் ஒப்படைத்த செய்தி வந்ததும், மன்னருக்கு அது நற்பணிதான் என்று ஒப்புக்கொள்ளும் பீப்ஸ், நல்ல மனச்சாட்சியோடு அவர் அதைச் செய்திருக்க முடியாது என்று எழுதி, நம்பிக்கைத் துரோகி என்றே அவரைக் குறிப்பிடுகிறார். மன்னராட்சியை ஒழித்து ஆண்ட கிராம்வெல்லின் படையில் ஒற்றர் தலைவராக இருந்த ஒருவர், 1660இல் மன்னராகத் திரும்பிய இரண்டாம் சார்லஸிடம் எவ்வாறு பதவி பெற்றார்? அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்லிக் கடந்துவிடலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழுவூரான்:

அம்மா, அந்தக் கைது நடந்த விதத்தை அறிந்தால்தான் பீப்ஸின் சினம் முழுமையாகப் புரியும். டவுனிங்கின் தாய், மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப்பின் தங்கை. 1638இல் குடும்பம் அங்கே குடியேறியது. 1642இல் ஹார்வர்டு கல்லூரியின் முதல் அணியில் பட்டம் பெற்ற ஒன்பது பேரில் அவரும் ஒருவர். உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்துக்குத் திரும்பிய அந்த இளைஞருக்குத் தம் படைப்பிரிவில் மதபோதகர் பணி கொடுத்து வாழ்வளித்தவர் கர்னல் ஜான் ஓக்கி. பின்னாளில் இரண்டாம் சார்லஸின் தந்தையான மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையொப்பமிட்டவர்களில் ஓக்கியும் ஒருவர். முடியாட்சி திரும்பியதும் அவர் ஜெர்மனிக்குத் தப்பிச் சென்றார்.

1662இல் ஓக்கியும், அதே ஆணையில் கையொப்பமிட்ட பார்க்ஸ்டெட்டும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்கு வந்தார்கள். கையொப்பமிட்ட இன்னொருவரான கார்பெட் அவர்களைக் காண வந்திருந்தார். அப்போது ஹேக் நகரில் மன்னரின் தூதராக இருந்த டவுனிங், டச்சு அதிகாரிகளை வற்புறுத்திக் கைதாணை பெற்று, தாமே ஆட்களோடு சென்று மூவரையும் பிடித்தார். நகர மக்கள் தடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் விடியும் முன்பே அவர்கள் கப்பலுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஏப்ரல் 19 அன்று லண்டனின் தூக்குமேடைத் திடலான டைபர்னில் மூவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சோறிட்ட கையை வெட்டிய இச்செயலுக்கு எந்த அரசியல் விளக்கமும் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு விடை எளியது. 1660 வசந்தத்தில் காற்றின் திசையை உணர்ந்துகொண்ட டவுனிங், நாடு கடந்திருந்த சார்லஸுக்கு இடையாள் ஒருவர் மூலம் செய்தி அனுப்பினார். நியூ இங்கிலாந்தில் தாம் ஊட்டப்பெற்ற கொள்கைகள் தவறானவை என்று இப்போது அறிவு உணர்த்துவதாகச் சொல்லி, கிராம்வெல் அரசின் செயலாளர் தர்லோ எழுதிய கடிதத்தையும் காட்டிக் கொடுத்தார். அடுத்த மாதமே நைட் பட்டம் கிடைத்தது.

நிலுவைக் கணக்கன்:

பழுவூரான் ஐயா சொன்னவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் அவரை ஓக்கியின் கதையோடு நிறுத்திவிட்டால், இங்கிலாந்தின் அரசுக் கடன் முறை எங்கிருந்து வந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். கருவூலக் கணக்குகளோடு என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஹேக் நகரில் இருந்த ஆண்டுகளில் டவுனிங் கண்டு வியந்தது டச்சுக்காரர்களின் கப்பல்களைவிட, கடன் விஷயத்தில் அவர்களுக்கிருந்த நம்பகத்தன்மையைத்தான். ஒரு சிறு குடியரசு குறைந்த வட்டிக்குப் பெருந்தொகை திரட்ட முடிகிறது; இங்கிலாந்தின் மன்னரோ லண்டன் பொன் வணிகர்களிடம் அதிக வட்டிக்குக் கையேந்தி நிற்கிறார். இரண்டாம் டச்சுப் போருக்காக 1665இல் நாடாளுமன்றம் 12,50,000 பவுண்டு ஒதுக்கியபோது, டவுனிங் அந்தச் சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகளைச் சேர்க்கச் செய்தார். அத்தொகை போருக்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்பது ஒன்று. கடன் கொடுப்போரின் பெயர்கள் வரிசையாகப் பதிவு செய்யப்பட்டு, முதலில் கொடுத்தவருக்கு முதலில் என்ற முறையில், மன்னருக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதமின்றித் திருப்பித் தரப்பட வேண்டும் என்பது மற்றொன்று. அதற்குச் சான்றாக வழங்கப்பட்ட கருவூல ஆணைகளைப் பின்புறம் கையொப்பமிட்டுப் பிறருக்கு மாற்றித் தரவும் முடிந்தது. இது மன்னரின் உரிமையைக் குறைக்கிறது என்று மன்னரின் தலைமை அமைச்சரான கிளாரெண்டன் பிரபு சீறினார். மன்னர் டவுனிங்கின் பக்கம் நின்றார்.

1667இல் கருவூல ஆணையத்தின் செயலாளரான பிறகு, வரவு செலவுகளையும் முடிவுகளையும் முறையாகப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை அவர் நிலைநிறுத்தினார். 1672இல் மன்னர் கடன் திருப்பித் தருவதை நிறுத்தியபோது அந்த முறை பலத்த அடி வாங்கியது உண்மை. ஆனால் வரிசைப்படி திருப்பித் தருவது என்ற கருத்து அழியவில்லை.

சந்தர்ப்பவாதி என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1657இல் கிராம்வெல்லே முடிசூட வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வலியுறுத்தியவர்களில் டவுனிங்கும் ஒருவர். வலிமையான, ஒழுங்கான அரசு ஒன்று வேண்டும் என்பதுதான் அவருடைய மாறாத விருப்பம். அரியணையில் யார் இருக்கிறார் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம்.

பழுவூரான்:

அந்த ஒழுங்கான அரசுக்காக அவர் கையாண்ட வழிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஐயா. டச்சுத் தலைவர் டி விட் உறங்கும்போது அவருடைய பையிலிருந்து சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, ஆவணங்களைத் தம்மிடம் கொண்டுவந்து காட்டி, ஒரு மணி நேரத்தில் திருப்பி வைக்கும் அளவுக்கு ஒற்றர்கள் இருந்ததாக அவரே பின்னாளில் பீப்ஸிடம் பெருமையாகச் சொன்னார். மீண்டும் தூதராக அனுப்பப்பட்டிருந்தபோது, 1672இல் ஹேக் மக்களின் சினத்துக்கு அஞ்சி அனுமதியின்றி ஊர் திரும்பியதற்காக மன்னரே அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார். தம் பெயரால் அமைந்த லண்டன் டவுனிங் தெருவில் அவர் கட்டிய வீடுகளும் உறுதியற்ற அடித்தளத்தின் மேல் மலிவாக எழுப்பப்பட்டவையே. வேலை முடியும் தறுவாயில், 1684இல் அவர் இறந்தார்.

இளவேனில்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தெருவின் பத்தாம் எண் வீடு பிற்காலத்தில் கருவூலத்தின் முதல் பிரபு என்ற, இன்று பிரதமர் வகிக்கும் பதவிக்கு உரியதாக ஆனதையும், அக்கதவில் இன்றும் அப்பதவியின் பெயரே பொறிக்கப்பட்டிருப்பதையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஆனாலும் என் மனம் ஓக்கியிடமே திரும்புகிறது. அவருடைய உடலைக் குடும்பத்தார் அடக்கம் செய்துகொள்ள முதலில் மன்னர் இசைந்தார். பெருங்கூட்டம் திரண்டதும் அனுமதி திரும்பப் பெறப்பட்டு, கோபுரச் சிறையின் வளாகத்திலேயே புதைக்கப்பட்டார். அந்தக் கூட்டம் எதற்காகத் திரண்டது என்பதைப் பற்றி யாரேனும் எழுதினால் ஆவலோடு படிப்பேன்.