தமிழும் பர்மியமும் ஒரே ஃபைலில்: எழுத்து உடைந்த அனுபவங்கள்

யாங்கோனிலிருந்து:

எங்கள் கோயில் உபயக்காரர் பட்டியலும் திருவிழா அழைப்பும் தமிழிலும் பர்மியத்திலும் சேர்ந்தே இருக்கும். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது என்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் இரண்டும் வேண்டும். இதையெல்லாம் ஈமாக்ஸ் என்ற எடிட்டரில்தான் அடித்து வைத்திருக்கிறேன். கோயில் அலுவலகத்துப் பழைய லினக்ஸ் கணினியில் அதே ஃபைலைத் திறந்தால் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. லோகித் தமிழ் ஃபாண்ட் போட்டதும் கட்டம் போய்விட்டது. ஆனால் 'தேர்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. புள்ளிகளும் எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் தனியாக நின்றன.

கட்டம் வந்தால் ஃபாண்ட் இல்லை. கொம்பு இடம் மாறினால் ஃபாண்ட் இருக்கிறது, எழுத்தைக் கோர்க்கும் வேலை நடக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஃபாண்டை மாற்றி மாற்றிப் போடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கர்சரை அந்த எழுத்தின் மேல் வைத்து கன்ட்ரோல்-யு, அப்புறம் கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி அழுத்துங்கள். அது என்ன எழுத்து, எந்த ஃபாண்டில் வருகிறது, பக்கத்து எழுத்தோடு சேர்ந்ததா இல்லையா எல்லாம் வந்துவிடும். எங்கள் கணினியில் சேரவே இல்லை. காரணம், ஈமாக்ஸ் பழையது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்துதான் அது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகத்தை வைத்து எழுத்தைக் கோர்க்கிறது. அதற்கு முன்னால் லினக்ஸில் எம்17என் நூலகங்களை நம்பியிருந்தது. அந்தக் கணினியில் அவற்றை யாரும் போடவில்லை. புதிய பதிப்பை ஏற்றியதும் தேர் நேராக நின்றது.

கன்ட்ரோல்-ஹெச், ஹெச் அழுத்தினால் பல மொழிகளில் வணக்கம் சொல்லும் பக்கம் வரும், அதை வைத்துச் சோதிக்கலாம் என்பார்கள். சோதிக்கலாம்தான். ஆனால் 'வணக்கம்' என்ற சொல்லில் கொம்பே கிடையாது! ஃபாண்ட் இருக்கிறதா, புள்ளி சரியாக விழுகிறதா என்பதோடு அதன் உதவி முடிந்தது. 'கொய்யா', 'வைகை' என்று நீங்களே அடித்துப் பாருங்கள்.

மோல்மீனிலிருந்து:

அண்ணன் சொன்ன இரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: புள்ளி வட்டம். கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்தால் எடிட்டரைத் திட்ட வேண்டாம், ஃபைலே தப்பு. பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது இது அடிக்கடி வரும். எங்கள் ஊரில் இன்னொரு வழியாகவும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பர்மிய எழுத்திலும் நம் கொம்பு மாதிரி ஓர் உயிர்க்குறி உண்டு. மெய்க்கு இடப்பக்கம்தான் எழுதுவார்கள். இங்கே பல வருடம் ஓடிய ஸோஜி ஃபாண்டில் அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, முதலில் அடிக்க வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு முறையில் மெய் முதலில், குறி பிறகு. பர்மியத்தில் அடித்துப் பழகிய விரல் தமிழிலும் கொம்பை முதலில் அடித்துவிட்டு, பிறகு 'க' அடிக்கிறது. திரையில் வட்டமும் கொம்பும், பக்கத்தில் ஒரு 'க'. சில எடிட்டர்களில் வட்டம்கூட வராது, பார்க்கச் சரியாகவே இருக்கும், தேடும்போதுதான் அகப்படாது. அதுதான் மோசம்.

2019 அக்டோபர் 1-இல் அரசு யூனிகோடுக்கு மாறச் சொன்ன பிறகும் பழைய ஸோஜி ஃபைல்கள் எல்லோரிடமும் கிடக்கின்றன. மோன், கரேன், ஷான் எழுத்துகளுக்கென்று யூனிகோடு ஒதுக்கிய இடங்களில் ஸோஜி தன் பர்மிய வடிவங்களை வைத்துக்கொண்டது. மோன் மாநிலத்தில் இருந்துகொண்டு மோன் மொழியை அந்த ஃபாண்டில் திறந்து பாருங்கள், கோபம் வரும். இரண்டு மொழியும் கலந்த ஃபைலை மாற்றப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி பர்மிய எழுத்துகளைத்தான் தொடும். தமிழுக்கு யூனிகோடில் இடம் வேறு, அது அப்படியே இருக்கும். மாற்றிவிட்டு பர்மியத்துக்குப் படாவுக் போன்ற யூனிகோடு ஃபாண்ட் போடுங்கள். ஸோஜியையே விட்டுவைத்தால் சரியான எழுத்தும் உடைந்துதான் தெரியும்.

பெகுவிலிருந்து:

நான் டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், விம் என்ற எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். அங்கே கொம்பைக் கோர்ப்பது விம் இல்லை, டெர்மினல். எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் கோர்த்துக் காட்டுகிறது. பல டெர்மினல்கள் காட்டுவதில்லை. பெயர் ஒரு பத்தி, தொகை ஒரு பத்தி என்று இடைவெளி விட்டு நேராக்கப் பார்க்காதீர்கள். 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலத்தில் எப்படி அடங்கும்? நான் டேப் வைத்துப் பிரித்து, கணக்குத் தாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) திறந்துகொள்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் பட்டியலில் 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிக் கோயில்கள்தான் வருகின்றன. எல்லாம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஏன் அண்ணே?

யாங்கோனிலிருந்து:

தம்பி, அதை இரண்டு விதமாக அடிக்கலாம். ஸ, புள்ளி, ரீ என்பது பழைய வழி. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து தமிழுக்குச் சேர்ந்தது; அதை வைத்து ஶ, புள்ளி, ரீ என்பது இன்னொரு வழி. பல ஃபாண்டுகள் இரண்டையும் ஒரே உருவத்தில் வரைந்துவிடும். ஈமாக்ஸில் கர்சரை வைத்து நான் சொன்ன சமக்குறி வித்தையைச் செய்தால் தெரிந்துவிடும்.

'கோ'விலும் இது உண்டு. ஓகாரக் குறி ஒரே துண்டாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் இருக்கலாம். யூனிகோடு இவற்றைச் சமம் என்றே கொள்கிறது. பகுதியைத் தேர்ந்தெடுத்து 'யுசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜன்' கட்டளை கொடுத்தால் எல்லாம் ஒரே துண்டாகிவிடும். 'ஸ்ரீ'க்கு அந்தக் கட்டளை உதவாது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'வும் அடித்திருந்தால் அதற்கும் உதவாது. 'ஸ்ரீ'யைத் தேடி மொத்தமாக மாற்றிவிடலாம். கொம்பும் 'ள'வும் அப்படி இல்லை, 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும்; ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றும்படி வையுங்கள். உங்கள் பட்டியலில் 'கௌரி' எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?