உகியோ-எ: ‘மிதப்புலக ஓவியம்’ எனலாமா?

> ‘ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. ‘உகியோ-எ’ என்னும் ஜப்பானிய ஓவிய மரபுக்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

புரியும்தான், ஆனால் பாதி வெளியே நின்றுவிடும். உகியோ-எ என்பது செய்முறையின் பெயரன்று. கபுக்கி நாடக நடிகர்கள், சுமோ மல்லர்கள், எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) கேளிக்கைப் பகுதியான யோஷிவாராவின் கணிகையர், மழைக்கு ஓடி ஒதுங்கும் வழிப்போக்கர் என்று எடோ காலத்து (1603–1868) நகரவாழ்வை வரைந்த மரபு முழுவதற்கும் அதுவே பெயர். ஓவியர் ஹிஷிகவா மொரொனொபுவின் ‘திரும்பிப் பார்க்கும் அழகி’ பட்டில் தூரிகையால் தீட்டியது. அதில் அச்சுக்கு வேலையே இல்லை, ஆனாலும் அது உகியோ-எதான். இப்படிக் கையால் தீட்டியவற்றை ஜப்பானியர் ‘நிகுஹிட்சு’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். அதற்குக் ‘கைவரை’ போதும்.

> அப்படியானால் ‘நிலையா உலக ஓவியம்’?

அழகான சொல். ஆனால் நிலையாமை என்றதும் நம் காதில் துறவுதான் ஒலிக்கிறது. ‘எ’ என்றால் ஓவியம்; முன்னே நிற்கும் ‘உகியோ’வும் முதலில் அப்படித்தான் இருந்தது. பௌத்தர்களுக்கு அது துயர் மிகுந்த உலகு. பிறகு ஒலியை மாற்றாமல் ‘மிதக்கும்’ என்று பொருள்படும் எழுத்தை வைத்து எழுதினார்கள், பொருள் தலைகீழானது. எல்லாம் கழிந்துபோகும், ஆகவே இன்றைய நிலவையும் பூவையும் மதுவையும் துய்த்துக்கொள் என்றாயிற்று. 1660களில் எழுத்தாளர் அசாய் ரியோய் இந்தப் புதுப்பொருளைச் சொல்லும்போது, ஆற்றோடு மிதந்துபோகும் சுரைக்குடுக்கையைக் காட்டுகிறார்.

‘மிதக்கும் உலகம்’ என்று அப்படியே எழுதினால் அந்தரத்தில் தொங்கும் தீவுதான் மனத்தில் வருகிறது. ‘மிதப்பு’ அப்படியில்லை. கள் குடித்த மிதப்பு, காசு வந்த மிதப்பு என்று நாம் பேசுகிறோமே! நீரில் மிதப்பதும் களிப்பில் மிதப்பதும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. செருக்கின் வாடை அடிக்கிறது என்று சிலர் மறுக்கலாம். கையில் பணம் புழங்கியும் சாமுராய்களுக்குக் கீழ்ப்படியிலேயே வைக்கப்பட்டிருந்த எடோ வணிகர்களின் உலகம் அது; அந்த வாடை கொஞ்சம் இருப்பதே சரி என்பது என் கருத்து.

செய்முறைச் சொற்களைத் தனியாக வைத்துக்கொள்வோம். ஓவியர் வரைய, செதுக்குநர் காட்டுச் செர்ரிப் பலகையில் வெட்ட, அச்சிடுநர் தாளில் ஒற்ற, பதிப்பாளர் முதல் போட்டு விற்றார். கோடுகளுக்கு ஒரு கட்டை, வண்ணங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள். இவற்றைக் ‘கோட்டுக்கட்டை’, ‘வண்ணக்கட்டை’ எனலாம். ஒவ்வொரு கட்டையிலும் தாள் ஒரே இடத்தில் அமர்வதற்காக மூலையிலும் ஓரத்திலும் வெட்டிய ‘கெந்தோ’வுக்குப் ‘பொருத்துக்குறி’. தாளின் முதுகை அழுத்தித் தேய்க்கும், மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ வட்டமானது; ‘தேய்வட்டு’ எப்படி?

எனக்கு நிறைவு தராதது ‘நிஷிகி-எ’ ஒன்றுதான். 1765இல் சுசுகி ஹருனொபுவின் கையில் மலர்ந்த முழுவண்ண அச்சு அது. ‘பல்வண்ண அச்சு’ தட்டையாக இருக்கிறது. நிஷிகி என்றால் பூவேலைப் பட்டு. ‘பட்டச்சு’ என்று பார்த்தேன், பட்டம் என்று மயங்குகிறது. நெசவுச் சொற்கள் அறிந்தவர்கள் நம் சொல்லாக்கக் குழுவில் இருக்கிறீர்கள், ஒரு சொல் தாருங்கள்.