பொலேரோவில் கேம்பிங்குக்கு இரண்டாவது பேட்டரி: எந்த வகை, எங்கே வைப்பது, வயரிங் எப்படி?

காட்பாடி_வானம்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி பொலேரோ, பி.எஸ்.4 டீசல். ஜவ்வாது மலையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தினா ஞாயிறு காலை வரை வண்டி நகராது. அந்த 40 மணி நேரத்துக்கு கரண்ட் வேணும். ஓட வேண்டியவை: 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், டெலஸ்கோப் மவுண்ட் மோட்டார், லென்ஸில் பனி பிடிக்காம இருக்கச் சுத்துற ஹீட்டர் பட்டை, ரெண்டு எல்இடி லைட், ரெண்டு போன். எல்லாமே 12 வோல்ட்.

வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழட்டின 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஒண்ணு நல்ல நிலையில் இருக்கு. அதை டிக்கியில் வெச்சு, வண்டி பேட்டரியோட பேரலலா இழுத்துவிட்டா போதும்னு பட்டறையில் சொல்றாங்க. காலையில் செல்ஃப் எடுக்கணும், அதுதான் முக்கியம். மே மாச வெயிலில் வேலூரில் வண்டி வெளியிலேயே நிக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ராணிப்பேட்டை_வயர்மேன்:

டியூபுலர் வேண்டாம். அது 50 கிலோவுக்கு மேல் எடை, உயரமானது, உள்ளே திரவ ஆசிட். மலைப்பாதை வளைவில் சாய்ந்தால் மூடி வழியா ஆசிட் கசியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். நீங்க படுத்துத் தூங்குற மூடிய வண்டிக்குள்ள அது இருக்கவே கூடாது. வீட்டிலேயே இருக்கட்டும்.

நேரடி பேரலலும் வேண்டாம். ராத்திரி ஃபிரிட்ஜ் ரெண்டு பேட்டரியையும் சேர்த்தே இறக்கும், காலையில் செல்ஃப் எடுக்காது. ரெண்டையும் பிரிக்கிற ஒரு சாதனம் நடுவில் இருந்தே ஆகணும்.

பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி கணக்கைப் போட்டுடுவோம். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 4.5 ஆம்பியர். மலை மேல் குளிர்ந்த காற்றில் நேரத்தில் 40 சதவீதம் ஓடும்னு வெச்சா, 40 மணிக்கு 72 ஏஎச். மவுண்ட் 1 ஆம்பியர், ராத்திரிக்கு ஆறு மணி நேரம், ரெண்டு ராத்திரிக்கு 12. ஹீட்டர் பட்டையும் அதே 12. லைட்டுக்கு 5, போனுக்கு 5. மொத்தம் 106 ஏஎச். சமவெளியில் மே மாசம் நிறுத்தினா ஃபிரிட்ஜ் 60 சதவீத நேரம் ஓடும், அதுக்கே 108 போயிடும்.

லெட் ஆசிட் எந்த வகையானாலும், ஆசிட் சிந்தாத மூடின வகையான ஏஜிஎம் உட்பட, பாதிக்கு மேல் இறக்கினா ஆயுசு குறையும். அப்போ 106 எடுக்க 200 ஏஎச்சுக்குக் கொஞ்சம் மேலேயே வேணும், 200 ஏஎச்சே சுமார் 60 கிலோ. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 90 சதவீதம் வரை எடுக்கலாம், 100 ஏஎச் பேட்டரி 11 முதல் 13 கிலோதான். 106-க்கு அது கொஞ்சம் குறைவு. கேரியர் மேல் 100 வாட் சோலார் பேனல் படுக்கையா போட்டா வெயிலில் நிக்கிற ஒரு முழுப் பகலுக்கு 25 முதல் 30 ஏஎச் வரும், பற்றாக்குறை தீர்ந்துடும். மர நிழலில் வண்டியை விட்டா பேனலை நம்பாதீங்க. பேனல் மேல் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பெரும்பகுதி போயிடும். நீளமான வயர் போட்டு, கழட்டி வெயிலில் வைக்கிற மாதிரி செய்யுங்க.

என் முடிவு: 100 ஏஎச் லித்தியம், ரெண்டு பேட்டரியையும் பிரிச்சு வெச்சு, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் கரண்டை அளவா ஏத்துற டிசி-டிசி சார்ஜர், 100 வாட் பேனல்.

ஆற்காடு_டீசல்:

பி.எஸ்.4 வண்டிக்கு டிசி-டிசி கட்டாயம்னு சொல்ல மாட்டேன். முதல்ல மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வெச்சுப் பாருங்க. இருபது நிமிஷம் ஓட்டின பிறகும், ஹெட்லைட் அணைச்ச நிலையில், 13.8 முதல் 14.4 வரை நிலையா நின்னா அது பழைய வகை ஆல்டர்னேட்டர். 12.5, 12.8-னு இறங்கினா கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற வகை. அதில், வோல்டேஜ் பார்த்து ரெண்டு பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கிற ரிலே சரியா வேலை செய்யாது. ரிலே 13.3-ல் சேர்ந்து 12.8-ல் பிரியும், அதனால் வண்டி ஓடும்போதே பிரிஞ்சு பிரிஞ்சு சேரும்.

பழைய வகைன்னா ஏஜிஎம் பேட்டரியும் அந்த ரிலேயும் போதும், பொருள் குறைவு, கெட்டா எந்த ஊரிலும் கிடைக்கும். சூட்டிலும் சார்ஜ் ஏறாம நின்னுடாது. ஒரு குறையைச் சொல்லியே ஆகணும்: ஏஜிஎம்முக்கு கடைசி 20 சதவீதம் ஏற பல மணி நேரம் ஆகும். வேலூரிலிருந்து போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறுற ரெண்டு, ரெண்டரை மணி நேரத்தில் நிறையாது. கிளம்புற முந்தின ராத்திரி வீட்டு பிளக்கில் சார்ஜர் போட்டு நிரப்பிடணும்.

ராணிப்பேட்டை_வயர்மேன்:

ஒரு ராத்திரி மட்டும்னா ஆற்காடு அண்ணன் சொல்றது சரி. 40 மணி நேரத்துக்கு 60 கிலோ ஏஜிஎம் என்பதால்தான் லித்தியம் சொன்னேன். ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க: லித்தியத்தை அந்த ரிலேயில் நேரடியா மாட்டக் கூடாது. அதோட உள் மின்தடை ரொம்பக் குறைவு, ஆல்டர்னேட்டர் கொடுக்கிறதையெல்லாம் இழுக்கும். வண்டி ஐடிலில் நிக்கும்போது ஆல்டர்னேட்டர் ஃபேன் மெதுவா சுத்தும், குளிர்ச்சி கிடைக்காம காயில் எரிஞ்சுடும். டிசி-டிசி சார்ஜர் அந்த இழுவையை ஒரு அளவில் கட்டிப்போடும்.

காட்பாடி_வானம்:

ரொம்ப நன்றி அண்ணா. மீட்டர் 14.1 காட்டுது. லித்தியம், 30 ஆம்பியர் டிசி-டிசின்னு முடிவு பண்ணிட்டேன். பேட்டரியை பானட்டுக்குள்ள வைக்கலாமா? வயர் 6 ஸ்கொயர் எம்எம் போதும்னு கடையில் சொன்னாங்க. அப்புறம் 1000 வாட் இன்வெர்ட்டர் ஒண்ணும் மாட்டிக்கலாமா?

வாணியம்பாடி_ஆஃப்ரோடு:

பானட் வேண்டாம். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் எல்லை, சிலதுக்கு 55. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் காற்றே 40-ஐத் தாண்டுது, இன்ஜின் பக்கத்தில் அதை விட எவ்வளவோ அதிகம். பேட்டரிக்குள்ளே இருக்கிற காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திடும், நீங்க மலை ஏறினதும் பேட்டரி காலியா இருக்கும். பின் சீட்டுக்கு அடியிலோ, பின்னால் தரையில் சக்கர மேட்டுக்கு ஒட்டியோ வைங்க. இரும்புத் தட்டு செஞ்சு, எம்8 போல்ட்டில் பாடியோட இறுக்கி, மேல பட்டை கட்டுங்க. வெறும் பெல்ட் போதாது. டிசி-டிசி சார்ஜரும் 40 டிகிரிக்கு மேல் தானா கரண்டைக் குறைச்சுக்கும், அதனால் அதைப் பெட்டிக்குள் அடைக்காம, ரெக்கைகள் செங்குத்தா நிக்கிற மாதிரி, சுத்தி நாலு விரல் இடம் விட்டு மாட்டுங்க. வண்டி வெயிலில் நிக்கிற நாட்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழட்டி வீட்டுக்குள் வைக்கிறது நல்லது. அதுக்குத்தான் கழட்டி மாட்டுற பெரிய கனெக்டர் போடச் சொல்றது.

இப்போ வயர். 30 ஆம்பியர் வெளியே கொடுக்க சார்ஜர் உள்ளே சுமார் 36 ஆம்பியர் இழுக்கும். போக 5 மீட்டர், வர 5 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம்மில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போயிடும், வயரும் சுடும். 16 போட்டா இழப்பு 0.4 வோல்ட். 16-தான் குறைந்தபட்சம், காப்பர் மட்டும். கிளாம்பிடும்போது மெல்லிய இழைகளா இருக்கிற வெல்டிங் கேபிள் வளைக்க சுலபம். அலுமினியத்தில் காப்பர் பூச்சு பூசி விக்கிறாங்க, ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையா இருந்தா வாங்காதீங்க.

ஃபியூஸ் ரெண்டு வேணும், ஒண்ணு வண்டி பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், இன்னொண்ணு லித்தியத்தின் பிளஸ் முனையிலிருந்து அதே தூரத்துக்குள். ரெண்டும் 60 ஆம்பியர், போல்ட்டில் இறுக்குற வகை. சார்ஜரின் ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கு என்பதால், வயர் எங்க உரசி பாடியைத் தொட்டாலும் அந்தப் பக்கத்து பேட்டரியிலிருந்து கரண்ட் பாயும். ஒரு ஃபியூஸ் போட்டா பாதி வயர் காவல் இல்லாம நிக்கும், தீ பிடிக்கிறது அந்தப் பாதியில்தான். இன்ஜின் அறைச் சுவரைத் தாண்டுற இடத்தில் ரப்பர் வாஷர், அதுக்கு மேல் நெளிகுழாய். எக்சாஸ்ட் பக்கம் போகவே கூடாது.

வயர் நுனியில் போடுற லக்கை (போல்ட்டில் மாட்டுற வளையம்) ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தணும், ஈயம் வெச்சுப் பத்தவைக்காதீங்க. ஈயம் ஊறின இடத்தில் வயர் விறைப்பாகி அதிர்வில் முறியும். எர்த் போல்ட் மாட்டுற இடத்தில் பெயிண்டை இரும்பு தெரியுற வரை தேய்ச்சு, இறுக்கின பிறகு மேலே கிரீஸ் தடவுங்க. ராத்திரி ஃபிரிட்ஜ் திடீர்னு நின்னுட்டா பெரும்பாலும் இந்த எர்த்தோ, ஃபிரிட்ஜுக்குப் போற மெல்லிய வயரோதான் காரணம். ஃபிரிட்ஜுக்கு சிகரெட் சாக்கெட் வேண்டாம். 4 ஸ்கொயர் எம்எம் தனி வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், பூட்டிக்கிற கனெக்டர். ஃபிரிட்ஜின் வோல்டேஜ் காவலை ‘லோ’வில் வைங்க. ‘ஹை’யில் வெச்சா லித்தியத்தில் சார்ஜ் இருக்கும்போதே அணைஞ்சுடும்.

இன்வெர்ட்டர் பத்தி: 1000 வாட் ஓடினா 12 வோல்ட்டில் 90, 100 ஆம்பியர் இழுக்கும். பிஎம்எஸ் எல்லையே பெரும்பாலும் 100 ஆம்பியர், விழுந்துடும். உங்க லிஸ்டில் 230 வோல்ட் சாமான் எதுவும் இல்லையே, எதுக்கு? சமையலுக்கு காஸ் அடுப்பு எடுத்துட்டுப் போங்க.

ஆற்காடு_டீசல்:

மேலே சொன்னதோட ரெண்டு விஷயம். சார்ஜர் எப்போ வேலை செய்யணும்னு அதுக்குத் தெரியணும். சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற ஒரு ஃபியூஸிலிருந்து, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி தனி வயர் எடுக்கிற துண்டு) வெச்சு 1 ஸ்கொயர் எம்எம் வயரை அதோட கன்ட்ரோல் முனைக்கு எடுங்க. கம்பெனி வயரை எங்கேயும் வெட்டாதீங்க. ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கிற ஆம்பியரையும் பாருங்க. சார்ஜர் இழுக்கிறது அதில் பாதியைத் தாண்டக் கூடாது, ராத்திரியில் ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேர்ந்து ஓடணுமே. தாண்டினா 20 ஆம்பியர் சார்ஜர் வாங்குங்க.

லித்தியத்தில் வோல்டேஜ் பார்த்து மிச்சம் சொல்ல முடியாது. 13.3-லிருந்து 13.0 வரை பெரும்பகுதி சார்ஜ் போயிடும், மீட்டரில் ஒண்ணும் தெரியாது. ஷன்ட் (மைனஸ் வயரில் போற கரண்டை அளக்கிற துண்டு) வெச்ச பேட்டரி மானிட்டர் மாட்டுங்க. மைனஸ் வயர் எல்லாமே, சோலாருடையதும் சேர்த்து, ஷன்ட் வழியா வந்தாத்தான் கணக்கு சரியா இருக்கும். ஒரு வயர் நேரா பேட்டரிக்குப் போனாலும் காட்டுறது பொய்.

காட்பாடி_வானம்:

கடைசியா ஒண்ணு. வேலை முடிச்சதும் சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?

வாணியம்பாடி_ஆஃப்ரோடு:

வீட்டு வாசலிலேயே பாருங்க. லித்தியத்தைப் பாதிக்கு இறக்கிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் கொடுத்து வைங்க. வண்டி பேட்டரி முனையில் ஒரு அளவு, சார்ஜர் உள்முனையில் ஒரு அளவு எடுங்க. வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள் இருக்கணும், கூடினா ஏதோ ஒரு லக் சரியா அழுந்தல. பத்து நிமிஷம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும், ஃபியூஸ் ஹோல்டரையும் புறங்கையால் தொடுங்க. வெதுவெதுப்பு சரி, கையை எடுக்க வைக்கிற சூடுன்னா கழட்டித் திரும்பச் செய்யணும். அப்புறம் சாவியை எடுங்க, சார்ஜர் உடனே நிக்கணும். நிக்கலைன்னா கன்ட்ரோல் வயரைத் தப்பான ஃபியூஸில் எடுத்திருக்கீங்க. மலைப்பாதையில் ஒரு முறை போய் வந்ததும் எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்குங்க.

லைட் வாங்கும்போது சிவப்பு எல்இடியா வாங்குங்க. காவலூர் பக்கம் நிறுத்துறதா இருந்தா வெள்ளை ஃப்ளட் லைட் போடவே போடாதீங்க. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து வேலை செய்யுது, இருட்டு அவங்களுக்கும் வேணும், உங்க கண்ணுக்கும் வேணும். காப்புக்காட்டுக்குள் ராத்திரி தங்க வனத்துறை அனுமதி வேணும், அதை முதல்ல வாங்கிட்டு தேதியை முடிவு பண்ணுங்க.