மதிய இடைவேளையில் 20 நிமிஷம்: கூல் லிப், கஞ்சா பழகிய பையனிடம் என்ன பேசுவது?

கரும்பலகை:
வடசென்னைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி, வாரத்தில் 2 நாள் ஆலோசகர் வேலை. 9 முதல் 12 வரை பசங்க. வகுப்பாசிரியர் அனுப்பித்தான் வருகிறார்கள், தானாக யாரும் வருவதில்லை. கூல் லிப்தான் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) அதிகம். அப்புறம் பீர், கஞ்சா. பெரிய வகுப்பில் ஒன்றிரண்டு பேர் மாத்திரை. ஒரு பையனுக்கு மதிய இடைவேளையில் 20 நிமிஷம் கிடைக்கும், அதுவும் 2 தடவை, மிஞ்சினால் 3. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் (மாறுவதற்கான காரணத்தை அவனே சொல்லும்படி பேசும் முறை) பயிற்சி ஒருநாள் நடந்தது, கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில். அதையே தமிழில் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது, "ஒண்ணுமில்ல மிஸ்" என்று எழுந்துவிடுகிறார்கள். 20 நிமிஷத்தை எப்படிப் பிரிப்பது? ஹெச்.எம்., பெற்றோர் கேட்டால் எவ்வளவு சொல்வது?

ஆலமரத்தடி:
மேடம், விசாரணை மாதிரி ஆவதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. இரண்டு இடத்தில் மாட்டுகிறோம்.

முதலாவது "ஏன்". நம் ஊரில் "ஏன்டா போடுற?" என்பது கேள்வியே இல்லை, திட்டு. பதில் வராது, தலை குனியும். அதே விஷயத்தை "எப்ப போட்டா நல்லா இருக்கு?", "எப்படி ஆரம்பிச்சது?", "அது இல்லாத நாள் எப்படிப் போகும்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் "ஆ". அவன் சொன்னதை நாம் திருப்பிச் சொல்வதுதான் இந்த முறையின் உயிர். ஆனால் "வீட்ல திட்டுறாங்களா?" என்றால் அவன் "ஆமா" என்று முடித்துவிடுவான். "வீட்ல ஓயாம திட்டு" என்று குரலை இறக்கி நிறுத்துங்கள். மீதியை அவனே சொல்வான். 1 கேள்விக்கு 2 திருப்பிச் சொல்லல் என்பது நல்ல கணக்கு. பெரும்பாலும் நாம் செய்வது 10 கேள்விக்கு 1.

ஒரு துண்டு:

"எல்லாரும்தான் போடுறாங்க மிஸ். நான் ரெண்டுதான்."
"மத்தவங்களை விட நீ கம்மி."
"ஆமா. காலைல வைக்கலைன்னா மட்டும் தலை வலிக்கும்."
"காலைல அது இல்லாம முடியல."
"முடியும் மிஸ்... கிளாஸ்ல எரிச்சலா வரும், அவ்ளோதான்."

கவனியுங்கள், "முடியும்" என்றது அவன். நீங்கள் "முடியும்டா, முயற்சி பண்ணு" என்று முந்தியிருந்தால் அவன் "முடியாது" பக்கம் போய் உட்கார்ந்திருப்பான். இரண்டு பக்கமும் மனசு இருக்கிற ஆளிடம் நாம் ஒரு பக்கத்தைப் பிடித்தால் மிச்சமிருக்கும் பக்கத்தை அவன் பிடிப்பான். இந்த முறையைத் தொடங்கிய உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் குடிநோயாளிகளோடு பேசுவதைப் பற்றி எழுதியதன் சாரம் இதுதான். எரிச்சலைப் பற்றி ஆராயப் போகாதீர்கள். அடுத்த வாக்கியம்: "முடியும்னு தோணுது. அப்படி இருந்த நாள் ஒண்ணு சொல்லேன்."

நேரக் கணக்கு இப்படி. முதல் 2 நிமிஷம், யார் அனுப்பினார்கள், எதை வெளியே சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள். அடுத்த 6 அவனுடைய சாதாரண நாள். அதில் போதையில் அவனுக்குப் பிடித்தது முதலில், பிடிக்காதது பிறகு. பிடித்ததைக் கேட்கப் பயப்படாதீர்கள். அதைக் கேட்காமல் தாண்டினால் நீங்களும் அனுப்பிய சாரும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுவான். பிறகு 4 நிமிஷம் ஒரே ஒரு தகவல், அதுவும் அனுமதி கேட்டு: "இதைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" சொல்லிவிட்டு, "இது உனக்கு எப்படித் தோணுது?" 40 வயதில் வரும் வாய்ப் புற்றுநோய் 15 வயதுக்காரனுக்கு வேறு யாருக்கோ வரப்போவது. உதட்டுக்குள் அவன் பொட்டலம் வைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினால் அவனுடையது. நிறுத்தினால் பலருக்குச் சில வாரத்தில் சரியாகும். 2 வாரம் தாண்டியும் மாறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

அடுத்த 5 நிமிஷம் அளவுகோல். "பத்துக்கு எத்தனை?" என்றால் நம் பிள்ளைகளுக்கு மார்க் ஞாபகம் வரும், குறைத்துச் சொன்னால் ஃபெயில். ரயிலை வைத்துக் கேட்கலாம். சென்னை பீச்சிலிருந்து கிண்டி வரை சரியாக 10 ஸ்டேஷன். "பீச்சுன்னா மாத்திக்கவே வேணாம், கிண்டின்னா இன்னிக்கே மாத்தணும். இப்ப எங்க நிக்கற?" 5-ஆவது ஸ்டேஷனான சேத்துப்பட்டு என்கிறான் என்று வைப்போம். "ஏன் இன்னும் கிண்டி வரல?" என்று கேட்டால் சாக்குகள் வரிசையாக வரும். "பூங்காலயே இறங்காம சேத்துப்பட்டு வரைக்கும் வந்திருக்கியே, எது கொண்டுவந்துச்சு?" என்றால் மாறுவதற்கான காரணங்கள் அவன் வாயிலிருந்தே வரும். "மாத்திக்கணும்" என்பதற்கு ஒரு ஸ்டேஷன், "என்னால முடியும்" என்பதற்குத் தனி ஸ்டேஷன். கிண்டியில் நின்று முதல் கேள்விக்குப் பதில் சொன்னவன் இரண்டாவதுக்கு பீச்சுக்கு அடுத்த கோட்டையில் நிற்பான். அப்படியானால் பிரச்சினை மனசு இல்லை, வழி தெரியாமை.

கடைசி 3 நிமிஷம் தொகுத்துச் சொல்லி, அடுத்த சந்திப்பு வரை ஒரே ஒரு சின்ன ஏற்பாடு. தொகுக்கும்போது வரிசை முக்கியம். "உனக்கு மாத்திக்கணும்னு இருக்கு, ஆனா ஃப்ரெண்ட்ஸ் விடமாட்டாங்க" என்று முடித்தால் அவன் காதில் கடைசியாக நிற்பது ஃப்ரெண்ட்ஸ். திருப்பிப் போடுங்கள்: "ஒரு பக்கம் ஃப்ரெண்ட்ஸோட இருக்கும்போது வேணாம்னு சொல்ல வரல. இன்னொரு பக்கம், பந்து விளையாடும்போது மூச்சு வாங்குதுன்னு நீயே பார்த்திருக்கே, காசும் போகுது."

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சத்தியம் வாங்குவது. "அம்மா மேல சத்தியமா இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு 3-ஆம் நாள் தொட்டவன் உங்கள் அறைப் பக்கமே வரமாட்டான்.

மருந்துச்சீட்டு:
மேலே சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் யாரோடு அதைப் பேசலாம், யாரை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று பிரிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். பேச்சால் கிடைக்கும் பலன் மிதமானது. எப்போதாவது பீர், வார இறுதியில் கஞ்சா என்கிறவர்களுக்கு அது போதுமானதாக இருக்கும்.

பிரிப்பதற்கு கிராஃப்ட் என்ற வினாத்தாள் இருக்கிறது, 12 முதல் 21 வயதுக்கு. முதலில் கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள் என்று பொருள் வாரியாகக் கேட்பது ("போட்டியா இல்லையா" அல்ல, "எத்தனை நாள்"). ஒன்றுகூட இல்லை என்றால் கீழே முதலில் வரும் வண்டிக் கேள்வி மட்டும். ஒரு நாளாவது உண்டு என்றால் ஆறு கேள்வியும்: போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் போனது அல்லது தானே ஓட்டியது, மனசு லேசாக, கூட்டத்தோடு ஒட்டப் போட்டது, தனியாக இருக்கும்போது போட்டது, போதையில் செய்தது மறந்துபோனது, வீட்டாரோ நண்பர்களோ குறைச்சுக்கோ என்று சொன்னது, அதனால் வம்பில் மாட்டியது. 2 அல்லது அதற்கு மேல் "ஆமாம்" என்றால் விரிவான பரிசோதனை வேண்டும். கார் என்று மட்டும் கேட்டால் நம் பையன் "இல்ல" என்பான். பைக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாத்திரை விஷயம் தனி. இங்கே புழங்குவது டேபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் மாதிரி வேலை செய்யும்) வலி மாத்திரைகள். சிலர் கரைத்து ஊசியாகவே ஏற்றுகிறார்கள். நிறுத்திய மறுநாள் கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உடம்பு முறித்துப்போடும் வலி. அந்த வலியில் இருப்பவனிடம் ஸ்டேஷன் கேட்பதில் அர்த்தமில்லை. கைமடிப்பில் தழும்பு, முழுக்கைச் சட்டையையே விடாத பையன், இவர்களைப் பேச்சோடு விட்டுவிடாதீர்கள். தினமும் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். "இன்னிக்கே விட்டுடு" என்று இவர்களிடம் சொல்லவே கூடாது.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று பள்ளிகளில் அடிக்கடி தப்பாக நடப்பது: ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷன் முகர்ந்துகொண்டிருக்கும் பையனைக் கத்தி விரட்டுவது. அந்த நேரத்தில் திடீர்ப் பயமும் ஓட்டமும் இதயத் துடிப்பைக் குலைத்து அங்கேயே உயிரை எடுக்கலாம். சத்தம் போடாமல் அருகில் போய், காற்றோட்டமான இடத்தில் உட்காரவையுங்கள். பேச்சு மறுநாள்.

அனுப்ப வேண்டிய இடம்: கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை. போனில் கேட்க 14446 போதை மறுவாழ்வு உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். சீட்டு எழுதிக் கொடுத்து "போய்ட்டு வா" என்றால் பாதிப் பேர் போகமாட்டார்கள். எந்த நாள், எந்தப் பஸ், யார் கூட என்று உங்கள் அறையிலேயே முடிவாகட்டும்.

கரும்பலகை:
இருவருக்கும் நன்றி. 9-ஆம் வகுப்புப் பையன் ஒருவன் எதைக் கேட்டாலும் "தெர்ல". அதற்கு என்ன செய்வது? ரகசியம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.

புளியமரம்:
"தெர்ல"வுக்கு முதல் மருந்து வாயை மூடிக்கொண்டிருப்பது. மனசுக்குள் 7 வரை எண்ணுங்கள். நாம் 2 எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "உனக்கு இங்க வர இஷ்டமே இல்ல. சார் அனுப்பினாரு, வந்துட்ட." பல பிள்ளைகள் அங்கேதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு தாளில் 6 வட்டம் போட்டு வீடு, ஃப்ரெண்ட்ஸ், காசு, விளையாட்டு, கூல் லிப் என்று 5-ல் எழுதி, ஒன்றைக் காலியாக விட்டு, "எதைப் பத்திப் பேசலாம்?" என்று பேனாவை அவன் கையில் கொடுங்கள். காலி வட்டத்தில் எதையாவது எழுதினால் அதிலிருந்தே தொடங்குங்கள், போதை தானாக வரும்.

இன்னொரு வழி நம் ஊருக்கே உரியது. வீட்டில் சபரிமலைக்கு மாலை போடும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். மாலை போட்டிருந்த நாளெல்லாம் தொடாமல் இருந்த பையன்கள் உண்டு. "ஒரு மண்டலம் எப்படிச் சமாளிச்ச? காலைல தலைவலி வந்தப்ப என்ன பண்ணின?" குளிர்ந்த தண்ணீரில் குளித்தேன், கூட்டமே வேறு, கடைப் பக்கம் போகவில்லை என்று அவன் சொல்வதுதான் உங்கள் அடுத்த வாரத் திட்டம். நிக்கோட்டின் தலைவலியும் எரிச்சலும் முதல் 2, 3 நாள்தான் உச்சம், ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான் என்பதை அப்போது சொன்னால் ஏறும். ஆனால் மாலையைத் தீர்வாக நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கழற்றிய அன்றே தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நோன்பு, தவக்காலம் இருக்கும் பிள்ளைகளிடமும் இதையே கேட்கலாம்.

கும்பலாக உட்காரவைக்கும் யோசனை ஹெச்.எம். பக்கமிருந்து வரும், நேரம் மிச்சம் என்று. வேண்டாம். பழகிய பசங்களை ஒன்றாக உட்காரவைத்தால் யார் அதிகம் போட்டான் என்ற கெத்துப் போட்டி ஆகிவிடும். போன உடனே புது ஃப்ரெண்டும் கிடைத்திருப்பான்.

ரகசியம்: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று ஆரம்பத்தில் வாக்குக் கொடுக்கவே கூடாது. "நீ சொல்றது இந்த ரூம்ல இருக்கும். உன் உயிருக்கோ வேற ஒருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, யாராவது உன்னைத் தப்பாத் தொட்டிருந்தா, அப்ப சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுச் சொல்வேன்." பாலியல் குற்றம் தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும், விருப்பம் கிடையாது. எங்கே வாங்கினான் என்று கேட்காதீர்கள். கேட்ட நிமிஷமே நீங்கள் போலீஸ் ஆள். அவனுக்கே பயம் இருந்தால் ஒன்று சொல்லலாம்: சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்குத்தான் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை.

ஹெச்.எம்.மிடம் "வர்றான், பேசிட்டிருக்கோம்" போதும். பெற்றோரை அழைக்கவேண்டி வந்தால் யார் சொல்வது, என்ன வார்த்தையில் சொல்வது என்று அவனோடு ஒத்திகை பார்த்துவிட்டு அழையுங்கள். அப்பாவே குடிப்பவராக இருந்தால் அம்மா, அத்தை, பாட்டி என்று அவன் காட்டும் ஆளை முதலில் கூப்பிடுங்கள். வந்தவரிடம் முதல் வாக்கியம் குற்றச்சாட்டாக இருக்கக் கூடாது. "மூணு வாரமா லஞ்ச் விட்டுட்டு வந்து பேசறான்" என்று தொடங்கினால் அடி விழுவது தள்ளிப்போகும்.

கரும்பலகை:
வெள்ளிக்கிழமை 2 பேர் வருகிறார்கள். பதிவேட்டில் பெயர் எழுதலாமா?

புளியமரம்:
எண் மட்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில், சாவி உங்களிடம். தேதி, அவன் சொன்ன ஸ்டேஷன் இரண்டு, அவன் வார்த்தையிலேயே ஒரு காரணம், அடுத்த தேதி, இவ்வளவு போதும். வகுப்பு ரெஜிஸ்டரில் "போதைப் பழக்கம்" என்று யாரும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டி.சி. வாங்கும் நாளில் அது யார் கண்ணிலாவது படும்.