மறுமொழி: மீர்ஷாமுக்குத் தமிழ்ச்சொல்: 'கடல்நுரை' வேண்டாம், 'ஊறுகல்' சரிவருமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கும் குழாய், பற்றிய நம் சொற்பட்டியலுக்காக எழுதுகிறேன். அதில் புகையிலை நிரப்பும் கிண்ணத்தைச் செதுக்கப் பயன்படும் வெள்ளைக் கனிமமே மீர்ஷாம். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு இது மறுமொழி.

> ஜெர்மனில் மீர் என்றால் கடல், ஷாம் என்றால் நுரை. நேராகக் 'கடல்நுரை' என்றே வைத்துவிடலாமே?

அக்கா எழுதிய இந்த வரி எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. நேற்று தருமபுரியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தது கணவாய் ஓடு. உள்ளங்கை நீளம், ஓடம் போன்ற வடிவம், கையில் எடையே தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. சித்த மருத்துவத்தில் அந்தப் பெயர் அதற்கு எப்போதோ நிலைத்துவிட்டது.

சிக்கல் அதோடு முடியவில்லை. மீர்ஷாமின் கனிமப் பெயர் செபியோலைட். 1847-ல் கிளாக்கர் அந்தப் பெயரை வைத்ததே கணவாய் ஓட்டின் சாயலைக் கண்டுதான். பார்த்தால் ஒன்றுபோல இருக்கும் இரண்டுக்கும் பெயரையும் ஒன்றாக்கினால் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? ஒன்று கடல் உயிரியின் ஓடு. மற்றது துருக்கியின் எஸ்கிசெஹிர் பக்கம் மண்ணுக்கடியில் தோண்டி எடுக்கும் மெக்னீசியம் சிலிகேட்.

'வெள்ளைக்கல்' என்று இன்னொருவர் சொன்னார். நம் பக்கத்தில் வெள்ளைக்கல் என்றால் சேலத்து மேக்னசைட். 'வெண்கல்' என்று சுருக்கினால், 'வெண்கல் சுங்கான்' என்பது காதில் வெண்கலச் சுங்கானாகத்தான் விழும்.

என் பரிந்துரை ஊறுகல்.

இந்தக் கல்லின் குணமே ஊறுவதுதான். உடலெங்கும் நுண்துளைகள், காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். ஈரமாக எடுத்தபோது கத்திக்கு இளகிக் கொடுக்கும், உலர்ந்ததும் இறுகும். புகையின் ஈரத்தையும் பிசினையும் கிண்ணமே இழுத்துக்கொள்வதால் புகை வறண்டு, சூடு தணிந்து வருகிறது. மேலே பூசிய தேன்மெழுகோடு அந்தப் பிசினும் சேர்ந்து, வெள்ளைக் கிண்ணம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மஞ்சளாகி, தேன் நிறமாகி, கடைசியில் பழுப்பாகிறது. உப்பில் கிடக்கும் மாங்காய் நிறம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இலக்கணமும் உடன்படுகிறது. நம் மாவட்டத்தில் வயல் வரப்பிலெல்லாம் நிற்கும் நடுகல்லைப் பாருங்கள். நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. ஊறுகல்லும் அப்படியே. ஊறிய கல், ஊறுகின்ற கல், இனியும் ஊறும் கல். இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

> 'ஊறு' என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே?

உண்டு ஐயா. ஆனால் ஊறுகாயைத் தீங்கான காய் என்று யாரும் படிப்பதில்லை. பின்னால் வரும் சொல்லே பொருளை முடிவு செய்துவிடுகிறது.

சுங்கான் செய்யும் மற்றப் பொருள்களுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. களிமண்ணில் செய்தது சுடுமண் சுங்கான். புகையிலையின் ருசியோடு தன் ருசியைக் கலக்காது, ஆனால் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். மிசௌரியில் 1869 முதல் செய்துவரும் மக்காச்சோளக் கதிர்ச் சுங்கான் லேசானது, மலிவானது, நாளடைவில் கருகித் தேய்ந்துவிடும். பிரையருக்கு மட்டும் ஒரு சொல் வேண்டும். மத்திய தரைக்கடல் நாடுகளின் எரிகா மரத்தில், தண்டும் வேரும் சேரும் இடத்தில் புடைக்கும் முண்டு அது. தச்சர்கள் முண்டு என்றே சொல்வதால் வேர்முண்டு என்று வைக்கலாம். கிண்ணத்தின் உட்புறம் படியும் கரிதான் இந்த மரத்தைத் தீயிலிருந்து காக்கிறது. ஊறுகல்லுக்கு அது ஆகாது, கரி தடித்தால் கிண்ணம் விரியக்கூடும். இந்தக் கரிக்குக் 'கரிப்பற்று' என்பது என் எண்ணம். சட்டியின் அடிப்பற்று போல.

அப்புறம், 'புகைக்குழாய்' என்று எழுதுவதை விட்டுவிடலாம். இங்கே அது அடுப்படிப் புகைபோக்கியைக் குறிக்கும். சுங்கான் அகராதியிலேயே இருக்கிறது.

கனிமவியல் படித்தவர்கள் யாராவது 'ஊறுகல்' ஏற்கெனவே வேறு கல்லுக்கு வழங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து