ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுக்குள் எல்இடி வைத்தவர்களே, எங்கே சொதப்பியது?

கப்பல்வீடு
1/400 டைட்டானிக், அதாவது அசல் கப்பலில் நானூறில் ஒரு பங்கு. ஜன்னல்களை ட்ரில் பிட்டால் துளைத்தது, உள்ளே இளமஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் ஒயிட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டியது எல்லாம் நீங்களும் செய்திருப்பீர்கள், விடுங்கள். 67 செ.மீ. கப்பல். ஓட்டை போடவே ஒன்றரை மாதம். நான்கு புகைபோக்கிக்குள்ளும் ஆளுக்கொரு சிவப்பு எல்இடி வேறு. எல்லாம் ஒட்டி, பெயிண்ட் முடித்து, ஒரு ஞாயிறு ராத்திரி ஹால் லைட்டை அணைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

ஜன்னல் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டிய சிவப்பு அடிப்பாகம்தான் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் காகித ஸ்டார் மாதிரி முழுசாக ஜொலித்தது. என் மகளுக்கு ஆறு வயது. "கப்பல் தீப்பிடிச்சிருச்சாப்பா?" என்றாள்.

வெளிச்சம் பிளாஸ்டிக் வழியே கசியாமல் இருக்க உள்பக்கம் கறுப்பு அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. தெரியும். அவசரம். ஷோகேஸில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் லைட் எரியுமா என்று கேட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறேன்.

இரவுஷிப்ட்
என்னுடையது 1/24 கார். முன்னால் இரண்டு வெள்ளை, பின்னால் இரண்டு சிவப்பு. 9 வோல்ட் பேட்டரி, கரண்டைக் குறைக்க ஒரே ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), அதன் பின்னால் நான்கையும் பேரலலாக, பக்கம் பக்கமாகக் கொடுத்தேன். பின்விளக்கு பளிச். முன்விளக்கு செத்துக் கிடந்தது. எல்இடி போய்விட்டது என்று மாற்றினேன். அப்போதும் இல்லை. மறுபடி மாற்றினேன். ஆறு நல்ல எல்இடியைக் குப்பையில் போட்ட பிறகு, சால்டரிங் அயர்ன் பட்டு ஒரு சிவப்பு எல்இடியின் வயர் விட்டுப்போனது. இன்னொன்றையும் எரிச்சலில் பிடுங்கினேன். உடனே முன்விளக்கு இரண்டும் எரிந்தன! மணி இரண்டே கால். காரணம் எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை.

ஓம்விதி
இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது ப்ரோ. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சிவப்பு 2 வோல்ட்டிலேயே முழுக் கரண்டையும் குடித்துவிடும், வெள்ளைக்கு மிச்சமே இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். 9 வோல்ட்டில் வெள்ளைக்கு 680 ஓம், சிவப்புக்கு 820 ஓம். பேட்டரியிலிருந்து எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கிட்டுக்குள் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்காதீர்கள், கண் கூசும், பொம்மைக் கார் மாதிரி ஆகிவிடும். இரண்டு வெள்ளையை சீரியலில், ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு 330 ஓம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். புது பேட்டரியில் சரி, அது 7 வோல்ட்டுக்கு இறங்கியதும் மங்கிவிடும். அப்புறம் வயர். ரேடியோ வயரெல்லாம் இதற்கு ரொம்பத் தடிமன். மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் மீந்துபோன, எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி சும்மாவே தருவார்கள். நுனியில் எனாமலைச் சுரண்டிவிட்டு ஈயம் வையுங்கள். சுரண்டாமல் வைத்துவிட்டு எரியவில்லை என்று இங்கே வந்து எழுத வேண்டாம்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒருமுறை சுரண்ட மறந்தேன்.

பட்டன்செல்
ரெசிஸ்டர், கணக்கு எல்லாம் எதற்கு? நான் பத்து கிட் செய்துவிட்டேன், சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல்லில் நேராகக் கொடுப்பேன், ஒன்றுகூடப் போனதில்லை.

ஓம்விதி
அந்த செல்லுக்குள்ளேயே தடை அதிகம், அதனால் தப்பிக்கிறீர்கள். அதே சிவப்பு எல்இடியை இரண்டு பென்சில் செல்லில் கொடுத்துப் பாருங்கள்.

பட்டன்செல்
கொடுத்துப் பார்த்தேன். சிவப்பு ஆரஞ்சாக மாறியது. அழகாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு வாடை.

அரைமில்லி
1/72 போர் விமானம். இறக்கை நுனிக்கு 0402 என்ற சைஸ் எல்இடி, நீளமே 1 மி.மீ., அகலம் அதில் பாதி. ஃபேன் போட்டால் பறந்துவிடும், அணைத்தால் நெற்றி வியர்வை அதன்மேலேயே விழும். மே மாதம் சென்னையில் அதைச் செய்தேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

என் மாமனார் விமானப்படையில் கிரவுண்ட் ஸ்டாஃபாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வரும் நாளுக்காகவே முடித்தேன். ரூமை இருட்டாக்கி எரியவிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு விநாடி பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, இது பின்பக்கமாப் பறக்குதா?"

விமானத்தின் இறக்கை விளக்கில் இடது சிவப்பு, வலது பச்சை. பைலட் சீட்டிலிருந்து பார்த்து இடது வலது. நான் மூக்கை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வயரிங் செய்திருக்கிறேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

கொலுப்படி
நான் கிட்டெல்லாம் செய்வதில்லை, கொலுவுக்கு பார்க் போடுவேன். அதில் ஒரு ரயில் ஸ்டேஷன், பையன் கட்டியது. ஜன்னலுக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக்கை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினான். காலையில் பார்த்தால் எல்லா ஜன்னலிலும் பனி படிந்தது மாதிரி வெள்ளை! அந்தப் பசையின் ஆவி படிந்து அப்படி ஆகுமாம். நல்லவேளை, உள்ளே விளக்குப் போட்டதும் மார்கழிக் காலை மாதிரி இருந்தது, வந்த மாமிகள் எல்லாம் எப்படிச் செய்தாய் என்று அவனைத்தான் கேட்டார்கள். அவனும் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிவிட்டான். ஆனால் நான் கேட்க வந்தது, இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஒரு சீரியல் செட்டை வாங்கி உள்ளே சுருட்டி வைத்தால் ஆகாதா?

ஓம்விதி
ஆகாது மேடம்.

நங்கூரம்
கப்பல்வீடு சார், ஒன்று கவனித்தீர்களா? நான்கு புகைபோக்கியிலும் சிவப்பு எல்இடி என்று எழுதியிருக்கிறீர்கள். டைட்டானிக்கில் நான்காவது புகைபோக்கிக்கும் கொதிகலனுக்கும் சம்பந்தமே கிடையாது, அது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கு. அதில் தீ வெளிச்சம் தெரிய வழியில்லை. மற்ற மூன்றிலுமே மேலே அப்படித் தெரியாது என்பது வேறு விஷயம். மூழ்குவதற்குச் சில நிமிடம் முன்புவரை விளக்குகள் எரிந்தன. அந்த 1912 ஏப்ரல் ராத்திரியைத்தான் காட்டுகிறீர்கள் என்றால் ஜன்னல் வெளிச்சமே போதும். மேல்தளத்தை மெதுவாக நெம்பித் திறந்து, உள்ளே இரண்டு கோட் கறுப்பு, அதன்மேல் வெள்ளி அடித்துவிட்டு, அந்த நான்காவதையும் கழற்றிவிடுங்கள்.

கப்பல்வீடு
நேற்று ராத்திரி நெம்பினேன் சார். மேல்தளம் அசையவில்லை. நான்காவது புகைபோக்கி மட்டும் கையோடு வந்துவிட்டது.